நீலமலைக்கு வழி சமைத்த கலெக்டர் ஜான் சல்லிவன்

மைசூரில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு உதகமண்டலம் அயலூர் அன்று. கோடை விடுமுறை பிறந்ததும் நம் வீட்டுக் குழந்தைகள் முதலிற் கேட்பது ஊட்டிப் பயணமே. நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை, பண்டிப்பூர்க் காடு, தெப்பக்காடு எனக் கடந்து, கல்லட்டி மலைப்பாதையின் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினால் சுமார் 125 கிலோமீட்டரில் அங்குச் சேர்ந்துவிடலாம். தேவராஜ மார்க்கெட்டில் ஊட்டி உருளைக்கிழங்கு என்றும் ஊட்டிக் காரட் என்றும் கேட்டு வாங்கி வருகிறோம். ஆயினும் அம்மலையில் அரசு, சாலை, பயிர், ஊர் என்பன எவ்வாறு தோன்றின என்று நம்முள் எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. அவை தோன்றக் காரணராயிருந்த ஒருவருடைய வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம். நாம் இரயில்வே அலுவலகத்திற் கோப்புகளோடு காலங்கழிப்பவர். பள்ளி இறுதி வகுப்பிற்கு மேற் படித்தவரல்லர். புலமைக் குறை காணின் அன்பர்கள் பொறுத்தருள்க.

அம்மலைக்கும் நம் மைசூருக்கும் உள்ள உறவு பழையது. கோயமுத்தூர்ச் சீமையும் அதனைச் சார்ந்த நீலகிரியும் ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தவை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னரே அவை ஆங்கிலக் கும்பினியார் கைக்கு மாறின. மலைமீது வேளாண்மை செய்யும் படகர் பெருமக்கள் பல தலைமுறைகளுக்கு முன்னர் மைசூர்ப் பக்கத்திலிருந்து சென்று குடியேறியவர் என்பது அவர்தம் மரபு. அவர்கள் பேசும் மொழியும் கன்னடத்தோடு நெருங்கிய உறவுடையது. அவர்களுக்கு முன்னமே எருமை மேய்த்து வாழ்ந்த தொதவரும், இரும்பு வேலையும் மட்பாண்டமும் செய்த கோத்தரும், காட்டைச் சார்ந்து வாழ்ந்த குறும்பரும் இருளரும் அங்கிருந்தனர். ஆகவே வெள்ளையர் ஒருவர் ஊட்டியைக் கண்டுபிடித்தார் என்று பாடப் புத்தகப் பாணியிற் சொல்வது நமக்கு உடன்பாடன்று. மக்கள் வாழ்ந்த ஊரைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? வெள்ளையரிலும் சல்லிவன் முதல்வரல்லர். 1603-ஆம் ஆண்டிலேயே பெனிசியோ என்னும் ஏசு சபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து ஏறிச் சென்று தொதவரைக் கண்டு திரும்பினார்.

ஜான் சல்லிவன் 1788-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். பதினைந்து வயதிலேயே கும்பினியின் எழுத்தர் வேலை பெற்றுச் சென்னை இராஜதானிக்குக் கப்பலேறினார். அக்காலத்தில் எழுத்தர் என்ற பதவிப் பெயரைக் கண்டு நம் போன்ற குமாஸ்தாக்கள் மகிழ வேண்டா. அது கலெக்டர் பதவிக்கு ஏறும் ஏணியின் முதற் படி. தென்னார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் தலைமைச் செயலகத்திலும் பணி பழகிய அவர், 1809-இல் மைசூர் ரெசிடெண்டுக்குத் துணையாகவும் சிறிது காலம் இருந்தார். 1815-இல் கோயமுத்தூர் ஜில்லாவின் கலெக்டரானார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு.

அவர் ஏற்ற கச்சேரி கறைபட்டுக் கிடந்தது. அவருக்கு முன் கலெக்டராயிருந்த கரோ என்பவர் காலத்தில், ஜில்லாக் கஜானாவின் பொறுப்பை ஏற்றிருந்த காசிச் செட்டி என்பவர் ஜில்லா முழுவதையுமே தம் கைப்பிடிக்குள் கொண்டு வந்திருந்தார். அரசாங்கப் பணமும் தம் வாணிபமும் வேறுபாடின்றிக் கலந்தன. கீழ் உத்தியோகஸ்தர் அவர் சொல்லுக்கு அடங்கினர். புகையிலை பயிரிட்ட குடியானவர் வாய்திறக்க இயலாது தவித்தனர். இதனை ஆராயும்பொருட்டு அமைந்த விசாரணைக் குழுவில் தாமஸ் மன்றோவோடு சல்லிவனும் அமர்ந்தார். 1816-இல் நடைபெற்ற அவ்விசாரணை சென்னை இராஜதானியின் ஆட்சி வரலாற்றில் பேர்பெற்ற ஒன்று.

இவ்விசாரணையினின்று இருவகைப் பாடம் கற்றல் கூடும். இந்திய உத்தியோகஸ்தரை நம்பலாகாது என்பது ஒன்று. வெள்ளைத் துரைமார் பலர் அதனையே கற்றனர். மன்றோ வேறாக எண்ணினார். சொற்பச் சம்பளம் கொடுத்து, உயர்வுக்கு வழியடைத்து, பெரும்பணத்தைக் கையாள வைத்தால் எந்நாட்டு மனிதனும் வழுவுவான். நல்ல ஊதியமும் மதிப்பும் கொடுத்து உயர்பதவிகளைத் திறந்துவிட்டால் இந்நாட்டாரும் நேர்மையாய் நிற்பர் என்பது அவர் துணிபு. சல்லிவன் பின்பற்றியதும் இக்கருத்தையே. தம் வாழ்நாள் முழுதும், சீமைக்குத் திரும்பிப் பாராளுமன்றக் குழுவினர்முன் சாட்சி கூறிய காலத்தும், அவர் அதனை வற்புறுத்தி வந்தார். மாதச் சம்பளத்தில் வாழும் நாம் இதனைப் படிக்கையில் அவர்மீது தனி அன்பு கொள்வது இயற்கையே.

மலைக்கு வருவோம். ஜில்லாவின் வடமேற்கு எல்லையில் நீலச் சுவர்போல் எழுந்து நின்ற மலையைப்பற்றிக் கச்சேரியில் இருந்த செய்தி சொற்பம். 1812-இல் கீஸ், மக்மஹான் என்ற இரு அளவையாளர் சென்று பார்த்து ஓர் அறிக்கை எழுதினர், அது தூங்கியது. 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு இளம் உதவியாளர், புகையிலையைத் திருட்டுத்தனமாய்க் கடத்தியோரைத் துரத்திச் சென்றதாகச் சொல்வர், மலையுச்சியை அடைந்து, அங்கே குளிர்ந்த காற்றும் பசும்புல் வெளியும் விளைநிலமும் இருப்பதைக் கண்டு வந்து கலெக்டரிடம் தெரிவித்தனர். சல்லிவன் காலந்தாழ்த்தவில்லை. 1819 ஜனவரியில் தாமே புறப்பட்டுச் செங்குத்தான காட்டு வழியே ஏறிக் கோத்தகிரியை அடுத்த திம்பட்டியை அடைந்தார்.

சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் ஆண்டுதோறும் மடிந்துகொண்டிருந்த வெள்ளையருக்கு அம்மலையின் தட்பவெப்பம் அமுதமாயிற்று. அவ்வாண்டே லெஷனோ என்ற பிரெஞ்சு தாவர அறிஞர் நோயுடன் ஏறிச் சென்று நலமுற்றுத் திரும்பினார். சல்லிவன் மலைமீது மாளிகை ஒன்று கட்டிக்கொண்டதோடு நில்லாது, அடிவாரத்துச் சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்குப் பாதை வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதி அனுமதி பெற்றார். மாக்பெர்சன் என்ற படையதிகாரி மேற்பார்வையில் அப்பாதை 1823-இல் முடிவுற்றது. மலேரியாக் காட்டில், வெடிமருந்தும் கடப்பாரையுமே கருவியாக, அதனை வெட்டிய தொழிலாளரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பின்னாளில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பற்சக்கர இரயில் ஓடத் தொடங்கியது 1899-இல். உதகையை அது எட்டியது 1908-இல். பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம் என்ற கணக்கில் அவ்விருப்புப் பாதை ஏறுகிறது. இரயில்வேக்காரராகிய நாம் அதனைப் பெருமையுடன் சொல்வது வழக்கம். 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அது ஏற்கப்பட்டது. ஆனால் முதற் பாதை வெட்டியபோது அங்கே கழுதையும் மாடும் மனிதத் தோளுமே வாகனம்.

கோத்தகிரியினும் உயர்ந்த மேற்குப் பீடபூமியில், தொதவர் மந்து ஒன்றின் அருகே, சல்லிவன் தமக்கு இடம் தேர்ந்தார். அங்கே 1822-இல் கட்டத் தொடங்கிய வீடே உதகையின் முதற் கல்வீடு. மரமும் மூங்கிலும் புல்லும் தவிர வேறு கட்டடம் காணாத மலைவாழ் மக்கள் அதனைக் கல் பங்களா என்றே அழைத்தனர். ஆங்கிலப் பெயரும் அதன் மொழிபெயர்ப்பே. அவ்வீடு இன்று அரசினர் கலைக் கல்லூரி வளாகத்தில் உள்ளது. 1820-இல் சென்னையில் சல்லிவனை மணந்த ஹென்ரியட்டா அம்மையாரே அம்மலைமீது குடியிருந்த முதல் ஐரோப்பியப் பெண்மணி.

வீட்டைச் சூழ அவர் தோட்டம் போட்டார். ஜான்ஸ்டன் என்ற தோட்டக்காரரைச் சீமையிலிருந்து வந்தவருள் தேர்ந்து அமர்த்தி, ஆப்பிள், பீச், ஸ்ட்ராபெரி, உருளைக்கிழங்கு, வாற்கோதுமை, கோசு முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தார். தம் மேசைக்கு மட்டும் காய்கறி விளைத்துக்கொண்டு அவர் அமைந்திருந்தால் இங்கே எழுத ஒன்றுமில்லை. சாமையும் இராகியும் விளைத்து வந்த படகர்களுக்குப் புதுவிதைகள் கிடைக்கவும், அவர்கள் அவற்றைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும் அவர் வழிசெய்தார். நம் அடுப்பில் வேகும் ஊட்டிக் கிழங்கின் கதை அங்குத் தொடங்குகிறது. பலர் அரசினர் தாவரவியற் பூங்காவையும் சல்லிவனே அமைத்தார் என்று எண்ணுவர். அது பிழை, அப்பூங்கா அவர் நாடு திரும்பிய பின்னர் 1848-இல் மக்கைவர் என்பவரால் தொடங்கப்பெற்றது.

உதகை ஏரியோ அவருடைய படைப்பே. 1823 முதல் 1825 வரை ஓடைகளுக்கு அணைகட்டி அதனை உண்டாக்கினார். படகு விடுவதற்கு அன்று. கோடையில் அந்நீரை மலைக்குக் கீழே இறக்கிப் பவானியாற்றின்வழிச் சமவெளி உழவர்க்குப் பாய்ச்ச வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறவில்லை. ஏரி மட்டும் நின்றது. அதிலும் பெரும்பகுதி பின்னர் குதிரைப் பந்தய மைதானமாகவும் கடைத்தெருவாகவும் பேருந்து நிலையமாகவும் தூர்ந்து போயிற்று. இன்று நம் குழந்தைகள் படகேறி மகிழ்வது எஞ்சிய பகுதியில்.

இனி, அவர் வாழ்வில் நம் மனத்தை உறுத்துவதும் உயர்த்துவதுமான செய்திக்கு வருகிறோம். அம்மலை நிலம் யாருக்கு உரியது? தொதவர்க்குப் பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. எருமைகள் மேய்ந்த புல்வெளியும், பால்மடமாகிய கோயிலும், முன்னோர் நினைவுமே அவர்தம் ஆவணம். சல்லிவன் அவர்களை நிலவுடையோராகவே கொண்டார். தாம் எடுத்த நிலத்துக்கு ஏக்கருக்கு ஒரு ரூபாய் விலை கொடுத்தார் என்று சொல்வர். வெள்ளையர் எவரும் தொதவருக்கு ஈடு கொடாமல் நிலம் கொள்ளலாகாது என்று மேலிடத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். படகரும் கோத்தரும் விளைச்சலில் ஒரு பங்கைத் தொதவர்க்குக் கொடுத்து வந்த பழைய வழக்கத்தையே அவ்வுரிமைக்குச் சான்றாகக் காட்டினார்.

விலை கொடுத்தார் என்பது மெய். ஆனால் அவ்விலை நியாயமானதா? பணப் புழக்கமே அறியாதவரிடம் கலெக்டர் ஒருவர் விலை பேசுவது சமமான இருவரின் பேரம் ஆகாது. மேலும் சில ஆண்டுகளுக்குள் அம்மலையில் மிகப் பெரும் நிலப்பரப்பை உடைய ஐரோப்பியர் சல்லிவனே ஆயினர். அவர் எதிரிகள் இதனையே பிடித்துக்கொண்டனர். தொதவர் பெயரால் அவர் தம் நிலத்தையே காக்கிறார் என்றனர். அவர்மீது நாம் வைத்த மதிப்பு இதனாற் குறைவுபடுவது உண்மை. எனினும் அவர் நிலம் வாங்காதிருந்தாலும் அவர் எடுத்துரைத்த வாதம் வாதமே. வழக்குரைப்பவன் கை முழுத் தூய்மையாக இல்லை என்பதனால் வழக்கே பொய்யாகிவிடாது என்பது எமது துணிபு.

மன்றோ கவர்னராயிருந்த வரையில் சல்லிவனுக்கு மேலிடத்தில் ஆதரவு இருந்தது. 1826-இல் மன்றோ உதகைக்கு வந்து அவர் விருந்தினராய்த் தங்கினார். மறு ஆண்டு ஜூலையில் பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி கண்டு மன்றோ மாண்டார். அடுத்து வந்த கவர்னர் லஷிங்டன் உதகையின்மீது பேரார்வம் கொண்டவர். குன்னூர் மலைப்பாதை அவர் காலத்தது. ஆனால் அவர் கண்ட உதகை வேறு. நோயுற்ற பட்டாளத்தார் உடல் தேறும் இடமாக அதனை ஆக்க வேண்டும் என்றார். ஊர் ஆட்சியைப் படைத்தலைவர் கையில் ஒப்படைத்தார். தொதவர்க்கு மேய்ச்சல் உரிமையன்றி நிலவுடைமை கிடையாது. நிலமெல்லாம் அரசாங்கத்துக்கே உரியது என்ற கொள்கை தலையெடுத்தது. 1830-இல் மலையின் மேற்குப் பகுதியைக் கோயமுத்தூரினின்று பிரித்து மலையாள ஜில்லாவோடு சேர்த்தனர். பல ஆண்டுகள் பாடுபட்டுச் சமைத்த ஊர் ஒரே உத்தரவில் அவர் அதிகாரத்தினின்று அகன்றது. அலுவலகத்தில் உழைத்த எவரும் இவ்விடத்தில் அவருக்காகப் பெருமூச்சு விடுவர்.

அவ்வாண்டோடு கோயமுத்தூர்க் கலெக்டர் பதவியும் முடிந்தது. சீமை சென்று திரும்பிய அவர், சென்னை ரெவின்யூ போர்டில் மூத்த உறுப்பினராகவும், கவர்னரின் ஆலோசனைச் சபை உறுப்பினராகவும் உயர்ந்தார். அங்கும் தொதவர் உரிமை பற்றிய குறிப்புகளை எழுதிவந்தார். பிரித்த பகுதி 1843-இல் மீண்டும் கோயமுத்தூரோடு சேர்ந்தது. ஆனால் நிலவுடைமைபற்றி அவர் கொண்ட கருத்து வெற்றி பெறவில்லை. தொதவர்க்குக் கிடைத்தது மந்தைச் சூழ்ந்த சிறு நிலமும் மேய்ச்சற் சலுகையுமே. அடர்ந்த சோலையும் புல்வெளியும் பின்னர் காப்பி, தேயிலைத் தோட்டங்களாயின.

1838-ஆம் ஆண்டு அவர் குடும்பத்துக்குக் கொடிய ஆண்டு. மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். இருவரும் உதகை புனித ஸ்டீபன் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றனர். இவ்வாலயத்துக்கு 1829-இல் கடைக்கால் இடப்பட்டது. கூரையைத் தாங்கும் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனை இடிந்த பின்னர் அங்கிருந்து கொணர்ந்த மரங்கள் என்பர். நம் மைசூருக்குப் பத்துக் கல் தொலைவில் ஓர் அரசன் கொலுவீற்றிருந்த மண்டபத்து மரங்கள் அவ்வம்மையாரின் கல்லறைக்கு அருகே, தேவாலயத்தின் கூரையைச் சுமந்து நிற்கின்றன. ஊட்டி செல்லும் நம்மவர் பூங்காவையும் ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். இவ்வாலயத்துக்குள்ளும் ஒருமுறை சென்று மேலே நிமிர்ந்து பார்த்தல் வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1841-இல், தாயற்ற மக்களோடு சல்லிவன் இந்தியாவை விட்டகன்றார். ஓய்வூதியம் பெற்று வாளாவிருக்க அவரால் இயலவில்லை. கும்பினியின் பங்குதாரர் சபையில், பதவி பறிக்கப்பட்ட சதாரா மன்னருக்காகப் பேசினார். இந்திய மன்னர்களின் நாடுகளை வாரிசில்லை என்றும் ஆட்சி சரியில்லை என்றும் காரணங்காட்டிக் கும்பினி விழுங்கி வருவது ஒப்பந்த மீறல் என்று வாதித்து, 1853-இல் ஒரு நூல் வெளியிட்டார். அது எழுதிய காலத்தில் நம் மும்மடி கிருஷ்ணராஜ உடையாரும் 1831-இல் கும்பினி எடுத்துக்கொண்ட ஆட்சியைத் திரும்பப் பெற வேண்டிக் கடிதமேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1881-இலேதான் அவ்வாட்சி உடையார் மரபுக்கு மீண்டது. அப்போது திவானாக அமர்ந்தவர் செங்கற்பட்டு ஜில்லாவிற் பிறந்த ரங்காச்சார்லு. சல்லிவனின் எழுத்தினால் இது நேர்ந்தது என்று நாம் கூற வரவில்லை. வெள்ளை அதிகாரியருள்ளும் அவ்வாறு எண்ணியவர் இருந்தனர் என்பதற்காகவே குறிக்கிறோம்.

1855 ஜனவரி 16-இல் அவர் காலமானார். 1857-இன் பெருங்கிளர்ச்சியைக் காண அவர் இல்லை. நீலகிரி 1868-இல் தனி ஆணையர் ஆட்சிக்கும், 1882-இல் தனிக் கலெக்டர் ஆட்சிக்கும் வந்தது. அவர் பெயரோ மலையில் மெல்ல மறைந்தது. கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய முதல் வீடு பாழடைந்து கிடந்து, அண்மைக் காலத்திலேயே செப்பனிடப்பெற்று நினைவில்லமாயிற்று. இங்கிலாந்தில் ஸ்லவ் நகரை அடுத்த அப்டன் என்னும் ஊரில், புனித லாரன்ஸ் ஆலயத்தின் தோட்டத்தில் மண்ணும் கொடியும் மூடிக்கிடந்த அவர் கல்லறையை 2009-இல் நீலகிரியைச் சேர்ந்த ஆர்வலர்களே தேடிக் கண்டுபிடித்தனர். உதகை தோன்றிய இருநூறாம் ஆண்டினையொட்டி 2022 மே மாதத்தில் தமிழ்நாட்டு முதலமைச்சர் அந்நகரில் அவர் சிலையைத் திறந்துவைத்தார். தொதவர் தொகை இன்றும் மிகச் சிறியதே.

அன்பர்கள் பார்க்கப் புறப்படுவதாயின் ஒரு குறிப்பு: பண்டிப்பூர்க் காட்டு வழியில் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை வண்டிகள் செல்லத் தடை உண்டு, ஆகவே மைசூரிலிருந்து விடியலில் கிளம்புதல் நலம். கல்வீடு கல்லூரிக்குள் இருப்பதால் அங்கே அனுமதி பெற்றுச் செல்க.